சாதிக் கணக்கில் 33 லட்சம், மொழிக் கணக்கில் 82 ஆயிரம்

ஒரே அரசு, ஒரே ஆண்டு, ஒரே கணக்கெடுப்பு. 2001-ல் எடுத்த அந்தக் கணக்கின்படி மேற்கு வங்கத்தில் ராஜ்பன்சிகள் 33 லட்சத்துக்கும் மேல். அம்மாநிலத்தின் பட்டியல் சாதிகளில் எண்ணிக்கையில் பெரியது அவர்கள்தான். அதே கணக்கெடுப்பின் தாய்மொழி அட்டவணையைப் புரட்டினால், இந்தியா முழுவதிலும் ராஜ்பன்சி பேசுகிறவர்கள் வெறும் 82,570 பேர். மற்றவர்களெல்லாம் வீட்டில் என்ன பேசினார்கள்? வங்காளம் என்கிறது அரசு.

ராஜ்பன்சி சாதியில் பிறந்த எல்லோரும் அந்த மொழியைப் பேசுவதில்லை என்பது உண்மைதான். நகரத்துக்கு வந்து வங்காளத்துக்கு மாறிய குடும்பங்கள் நிறைய. ஆனால், சாதியால் ராஜ்பன்சி அல்லாத பலரும், குறிப்பாக வடக்கு வங்கத்தின் நஸ்ய சேக் முஸ்லிம்களும், அதே மொழியைத்தான் பேசுகிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் 33 லட்சத்துக்கும் 82 ஆயிரத்துக்கும் நடுவே உள்ள பள்ளம் மூடவில்லை.

2011-ல் இன்னொரு வேடிக்கை. ராஜ்பன்சி பேசுவோர் 4,75,861 என்று அட்டவணை சொன்னது. பத்தே ஆண்டில் ஏறத்தாழ ஆறு மடங்கு! எந்தச் சமூகமும் பத்தாண்டில் ஆறு மடங்கு பெருகாது. பெருகியது ஜனம் அல்ல. தன் மொழியின் பெயரைத் துணிந்து சொன்னவர்களும், சொன்னதைச் சொன்னபடி எழுதிய பேனாக்களும்தான் பெருகியிருக்க வேண்டும். அப்படியும் அந்த 4.75 லட்சம் பேர் தனி மொழியினராக அச்சாகவில்லை. ‘வங்காளம்’ என்ற பெருந்தலைப்பின் கீழ் ஓர் உட்பிரிவாகவே நின்றார்கள். அவர்களோடு அதே தலைப்பின் கீழ் சாக்மா பேசும் 2,28,281 பேர், ஹாஜோங் பேசும் 71,792 பேர். அதற்கும் கீழே ‘மற்றவை’ என்று ஒரு வரி. அதில் 2,83,900 பேர். அவர்கள் பேசுவது என்னவென்று அந்த அட்டவணையைப் பார்க்கும் யாருக்கும் தெரியாது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 கணக்கு நாள் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. பழைய பிழை மீண்டும் அச்சேறாமல் தடுக்க இதுதான் நேரம்.

நான்கு பெயர், மூன்று தலைப்பு

வங்காளமும் அசாமியும் உடன்பிறப்புகள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். 2024 அக்டோபர் 3-ம் தேதி மத்திய அமைச்சரவை இரண்டுக்கும் செம்மொழித் தகுதி அளித்தது. ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டுமல்ல. சில்ஹெட்டி, சிட்டகாங் பேச்சு, ரோஹிங்கியா, சாக்மா, ஹாஜோங், பிஷ்ணுப்பிரியா மணிப்புரி என்று பெரிய குடும்பம் அது. மூத்த இருவருக்கும் நடுவே, வடக்கு வங்கம் தொடங்கி மேற்கு அசாம் வரை ஒரு நீண்ட பட்டையில் வாழ்வதுதான் நாம் பேசும் மொழி.

கூச் பிகார், ஜல்பாய்குரி, அலிப்பூர்துவார் பக்கம் அதற்கு ராஜ்பன்சி என்றும் காம்தாபுரி என்றும் பெயர். பழைய காம்தா அரசின் நினைவு இரண்டாவது பெயரில் இருக்கிறது. மேற்கு அசாமில் கோவால்பாரா, துப்ரி வட்டாரத்தில் கோவால்பரியா. பிகாரின் கிஷன்கஞ்ச் பக்கம் சூர்ஜாபுரி. எல்லை தாண்டினால் வங்கதேசத்தில் ரங்க்பூரி. நேபாளத்தின் ஜாப்பா, மோரங் மாவட்டங்களில் மறுபடியும் ராஜ்பன்சி. ஊருக்கு ஊர் ஒலி மாறும், சொல் மாறும். ஆனால் இவை தமக்குள் ஒரு கொத்து என்பதை மேத்யூ டுல்மின் என்ற மொழியியலாளர் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2006-ல் அளித்த ஆய்வேட்டில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இந்தக் கொத்தை இந்திய அரசு எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது தெரியுமா? ராஜ்பன்சி வங்காளத்தின் கீழ். கோவால்பரியாவுக்குத் தனி வரியே கிடையாது, அசாமியில் கரைந்துவிடும். சூர்ஜாபுரியோ இந்தியின் கீழ்! 2011-ல் சூர்ஜாபுரி என்று சொன்ன 22,56,228 பேரும் இந்தி பேசுவோர் தொகையில் சேர்ந்தார்கள். 1956-ல் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது பழைய பூர்ணியா மாவட்டத்தின் ஒரு பகுதியைப் பிகாரிலிருந்து எடுத்து மேற்கு வங்கத்தில் சேர்த்தார்கள். இன்றைய இஸ்லாம்பூர் வட்டாரம் அது. கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே பேச்சு. ஆனால் மாநிலக் கோடு மாறினால் மொழியின் தலைவிதியும் மாறுகிறது.

பெயர் தெரியாத புதுமொழி ஏதும் அல்ல இது. கூச் அரசர் நரநாராயணர் 1555-ல் அகோம் அரசருக்கு எழுதிய கடிதத்தை வங்க உரைநடையின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக வங்க அறிஞர்கள் காட்டுவார்கள். அசாமியரும் அதற்கு உரிமை கோருவார்கள். எழுதியவர் ஊர்க்காரர்கள் கேட்டால் மட்டும், உங்களுடையது வட்டார வழக்கு என்ற பதில் வரும். பவாய்யா பாடல்கள் கதையும் இதேதான். எருமை மேய்ப்பவன், வண்டிக்காரன், யானைப்பாகன் என்று பிரிந்து போகிற ஆண்களையும், வீட்டில் காத்திருக்கும் பெண்களையும் பாடுகிற இசை அது. கூச் பிகாரின் பலராம்பூரில் பிறந்த அப்பாசுத்தீன் அகமது அதை இசைத்தட்டில் ஏற்றினார். அசாமின் கௌரிபூர் பிரதிமா பருவா பாண்டே அதன் கோவால்பரியா வடிவத்தை மேடையேற்றி 1991-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒருவரை வங்காள நாட்டுப்பாடகர் என்றும் மற்றவரை அசாமிய நாட்டுப்பாடகர் என்றும் ஊர் பேசியது. பாடிய மொழிக்கு மட்டும் பெயர் இல்லை.

கணக்கில் இல்லாதவன் கையில் என்ன இருக்கும்?

அட்டவணையில் ஒரு வரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று தோன்றலாம். அரசு இயந்திரத்தில் அந்த ஒரு வரியிலிருந்துதான் எல்லாம் கிளைக்கிறது.

அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே கற்பிக்கும் மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழி என்று 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் பேசுகிறது. இந்த மூன்றும் கூச் பிகார் கிராமத்துப் பிள்ளையின் வாசலில் வந்து நின்றுவிடுகின்றன. ஏனென்றால் அரசுக் கணக்கில் அந்தப் பிள்ளையின் தாய்மொழி வங்காளம். மேற்கு வங்கத்தில் வங்காளம் பேசுகிறவன் சிறுபான்மை அல்லவே! தாய்மொழியில் படிக்கிறான் என்று பதிவேடு சொல்லும். அவனோ முதல் வகுப்பில் இன்னொரு மொழியில் தத்தளிப்பான்.

வீட்டில் அவன் தன்னை ‘முய்’ என்பான், பாடநூல் ‘ஆமி’ என்று எழுதச் சொல்லும். வங்காளத்தில் எதிர்மறைச் சொல் வினைக்குப் பின்னால் வரும். அவன் பேச்சில், அசாமியைப் போல, வினைக்கு முன்னால் வரும். இதை வேறு மொழியின் இலக்கணம் என்று தெரிந்த ஆசிரியர் பாலம் போடுவார். தப்பும் தவறுமான வங்காளம் என்று நினைக்கிற ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் அன்போடு விளிக்கும் ‘பாஹே’ என்ற சொல்லையே அவர்களைக் கிண்டல் செய்யும் பட்டப்பெயராக்கிய வரலாறு வடக்கு வங்கத்தில் உண்டு. அப்படி வளர்ந்தவர், கணக்கெடுக்க வந்தவர் தாய்மொழி எது என்று கேட்டால் எதைச் சொல்வார்? ‘வங்காளம்’ என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார். சொல்லாததால் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததால் பள்ளியில் இல்லை. பள்ளியில் இல்லாததால் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல இன்னும் வெட்கம்.

பிழைப்புக்கு வெளியூர் போனால் வேறு விதமான தொல்லை. கூச் பிகார் பேச்சும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ரங்க்பூர்ப் பேச்சும் ஒன்றுதான். 2025-ல் வட மாநிலங்கள் சிலவற்றில் வங்காளம் பேசும் தொழிலாளர்கள் பலரை வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் காவல் துறை பிடித்து வைத்தது. கொல்கத்தா வங்காளமே சந்தேகத்துக்கு ஆளாகும்போது, ‘ரங்க்பூர் வாடை’ அடிக்கும் பேச்சை எந்தக் காவல் நிலையம் இந்தியப் பேச்சு என்று நம்பும்? இந்தியாவுக்குள் இப்படி ஒரு மொழி உண்டு என்று அரசு ஏட்டில் தெளிவாக இருந்தால், அந்தத் தொழிலாளி தன் பக்கம் காட்ட ஓர் ஆதாரமாவது இருக்கும்.

ஆள் சொன்னது ஒன்று, அச்சானது ஒன்று

இந்தக் குளறுபடி எங்கே நடக்கிறது? கணக்கெடுப்பாளருக்குத் தரும் கையேட்டின் விதி நல்ல விதிதான். ஆள் எந்த மொழியைச் சொல்கிறாரோ அதை அப்படியே எழுத வேண்டும். அது மொழியா, இன்னொன்றின் கிளையா என்று முடிவு செய்வது கணக்கெடுப்பாளர் வேலை அல்ல. ஆனால் அவசரத்தில் பெயரைக் கேட்டவுடனே, ஊரைக் கேட்டவுடனே ‘வங்காளம்’ என்று எழுதிக்கொண்டு போவது எளிது.

அடுத்த கட்டம் அலுவலகத்தில். 2011-ல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சீராக்கி 1,369 ஆக்கினார்கள். அதில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் 270 தாய்மொழிகளை மட்டும் எடுத்து, 121 மொழிகளின் கீழ் அடுக்கினார்கள். பத்தாயிரம் பேர் என்ற இந்த வாசற்படி 1971 முதல் இருக்கிறது. எது எதன் கீழ் போகும் என்பதற்கான காரணம் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. ராஜ்பன்சியை வங்காளத்தின் கிளை என்று இந்திய மொழிகளை அரசுக்காக ஆய்ந்த கிரியர்சன், 1903-ல் வெளியான தம் ஆய்வுத் தொகுதியில் எழுதினார். ஆங்கிலேய ஆட்சிக் காலத்து அந்த அடுக்குமுறை நூற்றாண்டு தாண்டியும் ஆட்சி செய்கிறது.

உறவு மொழி என்பதால்தான் சேர்த்தோம் என்ற சமாதானமும் நிற்காது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பிஷ்ணுப்பிரியா மணிப்புரி, 79,646 பேருடன் 2011 அட்டவணையில் தனி மொழியாகவே இருக்கிறது. ஆறு மடங்கு பெரிய ராஜ்பன்சிக்கு அந்த இடம் இல்லை. சொந்த எழுத்து வைத்திருக்கும் சாக்மாவுக்கும் இல்லை. அந்தச் சாக்மாவை வங்கதேசம் 2017-ல் முன்தொடக்கப் பள்ளிப் பாடநூலில் ஏற்றியது. திரிபுராவில் தொடக்கப் பள்ளிகளில் அது ஒரு பாடம். நேபாளம் 2011-ல் 1,22,214 ராஜ்பன்சி பேசுவோரைத் தனி மொழியினராக எண்ணிக் காட்டியது. அண்டை நாடுகளால் முடிவது நம் கணக்கெடுப்புத் துறையால் ஏன் முடியவில்லை?

தனியே எடுத்தால் வங்காளம் இளைத்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். 2011-ல் வங்காளத் தலைப்பின் மொத்தம் 9.72 கோடி. அதில் ராஜ்பன்சி அரை சதவீதம்கூட இல்லை.

பயமும் சண்டையும்

இந்தக் கோரிக்கைக்கு முன்னால் எப்போதும் நிற்கும் பூதம் பிரிவினை. காம்தாபூர் தனி மாநிலக் கோரிக்கை பழையது. 1990-களில் ஆயுதக் குழுவும் கிளம்பியது, உயிர்கள் போயின. அதனால் மொழியைக் கேட்கிறவனெல்லாம் நிலத்தைக் கேட்கிறவன் என்று கொல்கத்தாவும் குவாஹாட்டியும் சந்தேகப்படுகின்றன. சந்தேகத்துக்கு மருந்து மறுப்பா? பக்கத்து ஊர்க் கதையைப் பார்க்கலாம். அசாமின் போடோ மொழி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறியது, 2003-ல் ஆயுதக் குழுவோடு அரசு ஒப்பந்தம் போட்ட அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில்தான். மனு கொடுத்தவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, துப்பாக்கி எடுத்தவனோடு கையெழுத்துப் போட்டால், அடுத்தவனுக்கு அரசே தவறான பாடம் நடத்துகிறது.

வங்கச் சமூகத்துக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1952 பிப்ரவரி 21-ல் டாக்காவில் வங்காளத்துக்காக இளைஞர்கள் மாண்டார்கள். அந்த நாளையே 1999-ல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக்கியது. 1961 மே 19-ல் அசாமின் சில்சாரில் வங்காளத்துக்காக 11 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். 1996 மார்ச் 16-ல் பிஷ்ணுப்பிரியா மொழிக்கான ரயில் மறியலில் சுதேஷ்ணா சின்ஹா சுடப்பட்டு இறந்தார். மொழிக்காக இவ்வளவு இழந்த குடும்பம், தன் இளைய பிள்ளை பெயரைக் கேட்டால் முகத்தைத் திருப்பலாமா?

மேற்கு வங்க அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயம் அல்ல. 2018-ல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் கொடுத்த விதம்தான் குழப்பம். ராஜ்பன்சி ஒன்று, காம்தாபுரி ஒன்று என இரண்டு மொழிகளாக அங்கீகரித்து, இரண்டு அகாதமிகளும் அமைத்தது. பெயரில் பிளந்திருந்த இயக்கத்துக்கு அரசே இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று. இதில் பேசுகிறவர்களின் பங்கும் உண்டு. எழுத்துக்கூட்டலில் ஒத்துப்போகாமல், பெயரில் ஒத்துப்போகாமல் சண்டை போட்டால், கணக்கெடுப்பில் தொகை நாலாய்ச் சிதறும். எட்டாவது அட்டவணையில் இடம் கேட்டு மத்திய உள்துறையிடம் காத்திருக்கும் 38 மொழிகளின் பட்டியலில் காம்தாபுரி இருக்கிறது. எந்த அளவுகோலில் ஏற்பது என்று முடிவே இல்லை என்பதுதான் மத்திய அரசு பாராளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்.

செய்ய வேண்டியவை

ஒன்று: 2027 கணக்கெடுப்பின் அட்டவணையில், மக்கள் சொன்ன பெயர்களை மாவட்ட வாரியாக, தொகுப்பதற்கு முன்பே வெளியிட வேண்டும். பத்தாயிரத்துக்குக் கீழே உள்ளவையும் அதில் இருக்க வேண்டும். எதை எதனோடு, ஏன் சேர்த்தார்கள் என்ற குறிப்பும் வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, கணக்கெடுப்பு ஆணையரின் ஓர் உத்தரவு போதும்.

இரண்டு: ராஜ்பன்சி, காம்தாபுரி, கோவால்பரியா, சூர்ஜாபுரி ஆகியவற்றை மூன்று தலைப்புகளில் சிதறவிடாமல் ஒரு கொத்தாகக் காட்ட வேண்டும். அவரவர் சொன்ன பெயர் அதற்குள் அப்படியே இருக்கட்டும். சாக்மாவும் ஹாஜோங்கும் தனி மொழிகளாக வரட்டும்.

மூன்று: மேற்கு வங்க அரசு 2018 சட்டத்தை ஏட்டிலிருந்து இறக்க வேண்டும். வடக்கு வங்க மாவட்டங்களின் தொடக்கப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புக்குப் பாடநூல், பயிற்சி பெற்ற ஆசிரியர், மருத்துவமனையிலும் வட்டார அலுவலகத்திலும் அந்த மொழியில் அறிவிப்பு. இரண்டு அகாதமிகளும் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு வரும்வரை கூட்டாக உட்கார வேண்டும். அசாமும் பிகாரும் தம் பங்குக்கு இதையே செய்ய வேண்டும்.

நான்கு: 350-பி பிரிவின்படி நியமிக்கப்படும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையர், அட்டவணை எண்ணிக்கைக்குக் காத்திராமல் இந்தப் பகுதிப் பள்ளிகளை நேரில் ஆய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தரட்டும்.

ஐந்து: எட்டாவது அட்டவணைக்கான அளவுகோலை மத்திய அரசு எழுதி அறிவிக்க வேண்டும். தகுதி இல்லை என்றாலும் காரணம் சொல்லி மறுக்கட்டும். மேல்முறையிட ஒரு வழியாவது இருக்கும்.

நம் பங்கு

திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டட வேலையிலும் வங்கம், அசாம், பிகார்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ‘இந்திக்காரங்க’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வசிக்கும் இடத்தில்தான் எண்ணும். அதனால் அவர்களில் பலருடைய தாய்மொழியை எழுதப்போவது நம் ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள். தொழிலாளர் விடுதிக்குப் போகும் ஆசிரியர், மேஸ்திரி சொல்வதை எழுதாமல், ஒவ்வொருவரிடமும் “வீட்டில் அம்மாவோடு என்ன பேசுவீர்கள்?” என்று கேட்க வேண்டும். ராஜ்பன்சி, சூர்ஜாபுரி, ஹாஜோங் என்று புதுப் பெயர் வந்தால் அதையே எழுத வேண்டும். கணக்கெடுப்பாளர் பயிற்சியில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க மாநில அரசால் முடியும். நம் கையும் முழுக்கச் சுத்தம் அல்ல: தமிழ் என்ற தலைப்பின் கீழும் இருளர் மொழியும் எருகலாவும் உட்பிரிவாகத்தான் கிடக்கின்றன. வங்கத்துக்குச் சொல்லும் நியாயம் நமக்கும் பொருந்தும்.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு ஆறு ஆண்டு தள்ளிப்போயிற்று. இந்த முறையும் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் பத்தாண்டு. இன்று முதல் வகுப்பில் சேரும் ராஜ்பன்சிப் பிள்ளை அதற்குள் பள்ளியை முடித்திருக்கும், அல்லது பாதியில் விட்டிருக்கும். சாதியையும் இந்த முறை விரிவாக எண்ணப்போவதாக அரசு சொல்லியிருக்கிறது. அதே கவனத்தை அதே படிவத்தின் தாய்மொழிக் கேள்விக்கும் காட்டச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல. கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வருமுன் ஆணையரின் உத்தரவு வெளிவர வேண்டும்.